தூரம் ஒன்று, நேரம் இரண்டு

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல ஒரே பொருளைப் பற்றியே கேட்டிருந்தன. இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே உள்ள தூரத்தை எப்படி அளக்கிறார்கள், அந்தத் தூரத்தோடு பயண நேரம் ஏன் ஒத்துப்போவதில்லை என்பதே அந்தப் பொருள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: மாட்ரிட்டும் நியூயார்க்கும் உலக வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே கிடைக்கோட்டில் இருக்கின்றன. ஆனால் நான் சென்ற விமானத்தின் திரையில் பாதை வடக்கே வில்போல் வளைந்து போனது. நேரே மேற்கு நோக்கிப் பறக்காமல் இப்படிச் சுற்றிப் போவது எரிபொருளை வீணாக்குவது ஆகாதா?

பதில்: ஆகாது, அந்த வில்தான் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள மிகக் குறுகிய வழி. இதை விளக்க என்னிடம் இருப்பவை மேசைமேல் உள்ள ஓர் உலக உருண்டையும் ஒரு முழம் தையல் நூலும். நூலின் ஒரு முனையை மாட்ரிட்டின்மேல் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு, மறுமுனையை அட்சரேகையின்மேல் படியவைத்தபடி நியூயார்க் வரை கொண்டுபோங்கள். பிறகு நூலைச் சற்று இழுத்துப் பிடியுங்கள். இழுத்த மாத்திரத்தில் நூல் அட்சரேகையை விட்டு நழுவி வடக்கே ஏறும். ஏறி நின்றபின் விரலிடுக்கில் கொஞ்சம் நூல் மிஞ்சும். அந்த மிச்சம்தான் விமானத்துக்குக் கிடைக்கும் ஆதாயம்.

கணக்கிலும் அதையே காணலாம். இரண்டு நிலையங்களும் சுமார் 40.5 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. அந்த ரேகையின் மேலேயே பறந்தால் தூரம் சுமார் 5,940 கி.மீ. ஆகும். பூமியின் மையத்தையே தன் மையமாகக் கொண்டு இரண்டு ஊர்களின் வழியாகவும் செல்லும் வட்டத்தை, அதாவது பெருவட்டத்தை ஒட்டிப் பறந்தால் சுமார் 5,770 கி.மீ. போதும். அந்தப் பாதை நடு அட்லாண்டிக்கில் 46 பாகை வரை வடக்கே ஏறி, பின்பு இறங்குகிறது. துருவத்தை நெருங்க நெருங்க இந்த ஆதாயம் பெருகும். 60 பாகை வட அட்சரேகையில், பூமியின் எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு ஊர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ரேகையோடு சுற்றிப் போனால் 10,000 கி.மீ., துருவத்தின் மேலாகப் போனால் 6,670 கி.மீ.தான். நிலநடுக்கோட்டின்மேல் உள்ள இரண்டு ஊர்களுக்கோ அந்தக் கோடே பெருவட்டம் என்பதால் ஆதாயம் எதுவும் இல்லை.

நம் கண்ணை ஏமாற்றுவது வரைபடம். 1569இல் வரைபட அறிஞர் மெர்கேட்டர் வகுத்த முறையை ஒட்டிய வரைபடங்களே இன்றும் நம் திரைகளில் பெரும்பாலும் தென்படுகின்றன. திசைகாட்டியின் ஒரே கோணத்தைப் பிடித்துச் செல்லும் மாலுமிக்கு அவர் செய்தது பேருதவி. ஆனால் அதற்காகத் துருவப் பகுதிகளை அகலவும் நீளவும் இழுத்துவிட வேண்டியிருந்தது. ஆப்பிரிக்கா கிரீன்லாந்தைப்போல் சுமார் 14 மடங்கு பெரியது. அந்த வரைபடத்தில் இரண்டும் ஒரே அளவாகத் தெரியும்.

கேள்வி: ஒரே இரண்டு விமான நிலையங்களுக்கு நான் மூன்று இடங்களில் தூரம் பார்த்தேன், மூன்றும் மூன்று எண்ணாக இருந்தன. எதை நம்புவது?

பதில்: முதலில் எண்ணுக்கு அடுத்துள்ள அலகைப் பாருங்கள். விமானிகளும் வான்போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர்களும் பயன்படுத்துவது நாட்டிக்கல் மைல். அது 1,852 மீட்டர். சாலையில் வழங்கும் மைல் 1,609 மீட்டர். மாட்ரிட் – நியூயார்க் தூரம் முன்னதில் சுமார் 3,115, பின்னதில் சுமார் 3,585. இரண்டையும் பொதுவாக ‘மைல்’ என்றே எழுதிவிடுவதால் வரும் குழப்பம் கொஞ்சநஞ்சமல்ல.

அலகு ஒன்றாக இருந்தும் எண் சற்று மாறினால், பூமியை எந்த வடிவமாகக் கொண்டார்கள் என்பது காரணமாக இருக்கும். 6,371 கி.மீ. ஆரமுள்ள முழு உருண்டையாகக் கொள்வது எளிய வழி. உண்மையில் பூமியின் ஆரம் நிலநடுக்கோட்டில் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357 கி.மீ.; அந்தத் தட்டையையும் சேர்த்துக் கணக்கிடுவது நுட்பமான வழி. இரண்டு வழிகளுக்கும் இடையே வேறுபாடு பெரும்பாலும் அரை விழுக்காட்டைத் தாண்டாது. பயணிக்கு இது பொருட்டே அல்ல. ஆனால் ஊருக்கும் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் பொருட்டுதான்: டோக்கியோவின் நரிட்டா விமான நிலையம் நகர மையத்திலிருந்து சுமார் 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. ஊர்ப்பெயரைக் கொடுத்துக் கிடைத்த தூரத்தை விமான நிலையங்களுக்கு இடையிலான தூரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: விமானம் 11 கி.மீ. உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்தில் வட்டம் பெரிதாகிவிடுமே, அதனால் தூரமும் மிகவும் கூடிவிடாதா?

பதில்: கூடும், மிகவும் இல்லை. 6,371 கி.மீ. ஆரத்தோடு 11 கி.மீ. சேர்வதால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 1.7 மீட்டர் மட்டுமே கூடுகிறது. மேலே சொன்ன அட்லாண்டிக் பயணம் முழுவதற்கும் அது 10 கி.மீ.தான், பறக்கும் நேரத்தில் ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

கேள்வி: ஜெட் விமானத்தின் வேகம் மணிக்கு 850 கி.மீ. என்கிறார்கள். அப்படியானால் 600 கி.மீ. தூரத்தை முக்கால் மணியில் கடந்துவிட வேண்டும். பயணச்சீட்டில் ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறதே?

பதில்: பயணச்சீட்டில் உள்ள நேரம் பறக்கும் நேரமன்று. விமானம் நின்ற இடத்திலிருந்து அசைந்த நொடி முதல், போய்ச் சேரும் இடத்தில் அசைவற்று நிற்கும் நொடி வரையிலான காலம் அது. விமானத்துறையில் இதை ‘பிளாக் டைம்’ என்பார்கள். அதற்குள் என்னவெல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதை அறிய, சில ஆண்டுகளுக்கு முன் ஏறக்குறைய நீங்கள் சொல்லும் அளவுள்ள ஒரு பயணத்தில் குறிப்பேடும் கைக்கடிகாரமுமாக உட்கார்ந்திருந்தேன். காலை 10.05க்கு விமானத்தைப் பின்னோக்கித் தள்ளினார்கள். ஓடுபாதைக்கு ஊர்ந்து சென்று, வரிசையில் நின்று, 10.24க்குச் சக்கரங்கள் தரையை விட்டன. 10.44க்கு ஏற்றம் முடிந்து விமானம் சமநிலைக்கு வந்தது. 11.01க்கு என்ஜின் ஓசை தணிந்து மூக்கு லேசாகத் தாழ்ந்தது. 11.27க்குத் தரை தொட்டு, 11.36க்கு நின்றோம். மொத்தம் 91 நிமிடங்கள். அவற்றில் விமானம் தன் முழு வேகத்தில் பறந்தது 17 நிமிடங்கள் மட்டுமே.

ஏறும்போதும் இறங்கும்போதும் விமானம் மெதுவாகவே செல்லும். 10,000 அடிக்குக் கீழே 250 நாட் (அதாவது மணிக்கு 250 நாட்டிக்கல் மைல்) வேகத்தைத் தாண்டக்கூடாது என்ற விதி பல நாடுகளில் உண்டு. அது மணிக்குச் சுமார் 463 கி.மீ. அதோடு, 35,000 அடி உயரத்திலிருந்து சீராக இறங்குவதற்கு ஏறத்தாழ 200 கி.மீ. தூரம் வேண்டும். தூரம் எதுவானாலும் தரையில் ஊர்வது, ஏறுவது, இறங்குவது ஆகிய இந்தச் செலவு அநேகமாக மாறாது. அதனால்தான் 600 கி.மீ. பயணத்தின் சராசரி வேகம் மணிக்கு 400 கி.மீ.கூட இல்லாமல் போகிறது, 10,000 கி.மீ. பயணத்தில் அதே செலவு இருப்பதே தெரியாமல் கரைந்துவிடுகிறது. வீட்டில் உட்கார்ந்து மதிப்பிட நான் பின்பற்றும் வழி, தூரத்தை 850ஆல் வகுத்து, வரும் மணிக்கணக்கோடு முக்கால் மணியைக் கூட்டுவது. காற்றைக் கணக்கில் எடுக்காத மதிப்பீடு அது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு கோடியையும் சொல்லிவிடுகிறேன். ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேக்கும் பாப்பா வெஸ்ட்ரேக்கும் இடையே ஒரு சிறு விமானம் பறக்கிறது. தூரம் சுமார் 2.7 கி.மீ.; அட்டவணையில் நேரம் இரண்டு நிமிடங்கள். காற்று துணை நின்ற ஒரு நாளில் 53 வினாடிகளில் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள்.

கேள்வி: லண்டனிலிருந்து நியூயார்க் போக ஏறக்குறைய எட்டு மணி நேரம், திரும்பி வர ஏழுதான். பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. அப்படியானால் மேற்கே போகும் விமானத்தை நோக்கித் தரையே ஓடி வர வேண்டும், பயணமும் குறைய வேண்டும். நேர்மாறாக இருப்பது ஏன்?

பதில்: இந்தப் பகுதிக்கு அடிக்கடி வரும் கேள்வி இது, இதைக் கேட்பவர்களை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனெனில் யோசித்துப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த ஐயம் வரும். பூமி சுழலும்போது காற்று மண்டலமும் அதோடு சேர்ந்தே சுழல்கிறது. புறப்படும் முன்பே விமானத்துக்கும் அந்த வேகம் இருக்கிறது. ஓடும் ரயிலுக்குள் முன்னோக்கி நடந்தாலும் பின்னோக்கி நடந்தாலும் ஒரு பெட்டியைக் கடக்க ஒரே நேரம்தான் ஆவதைப்போல, அமைதியான காற்றில் கிழக்கும் மேற்கும் விமானத்துக்கு ஒன்றே.

வேறுபாட்டை உண்டாக்குவது காற்று. வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடையே உள்ள வெப்பநிலை வேறுபாடு மேல்வெளியில் காற்றைத் துருவத்தை நோக்கித் தள்ளுகிறது. பூமியின் சுழற்சி அதைக் கிழக்கு நோக்கித் திருப்பிவிடுகிறது. இவ்வாறு மறைமுகமாகத்தான் சுழற்சிக்கு இதில் பங்கு உண்டு. இப்படி உருவாகும் ஜெட் ஸ்ட்ரீம் என்னும் காற்றாறு, விமானங்கள் பறக்கும் 9 முதல் 12 கி.மீ. உயரத்திலேயே ஓடுகிறது, குளிர்காலத்தில் சில நாள்களில் மணிக்கு 300 கி.மீ.யையும் தாண்டும். 1920களிலேயே ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓயிஷி பலூன்களைப் பறக்கவிட்டு இதைக் கண்டறிந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தம் முடிவுகளை, உலகப் பொதுமொழியாக உருவாக்கப்பட்ட எஸ்பெராந்தோவில் வெளியிட்டார். படித்தவர்கள் மிகச் சிலர். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் மேலே பறந்த அமெரிக்க விமானிகள் எதிர்க்காற்றில் திணறிய பிறகுதான் உலகம் இந்தக் காற்றைப் பெரிதாக எடுத்துக்கொண்டது.

2020 பிப்ரவரியில் ஒரு புயலை ஒட்டி வீசிய காற்றின் துணையோடு, போயிங் 747 விமானம் ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடங்களில் வந்து சேர்ந்தது. தரையைப் பொறுத்து அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.க்கு மேல் போனது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. தன்னைச் சூழ்ந்த காற்றைப் பொறுத்து அது தன் வழக்கமான வேகத்தில்தான் பறந்தது, அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது.

போகும்போது இழந்ததை வரும்போது மீட்டுவிடலாம் என்று எண்ணத் தோன்றும். அப்படி நடப்பதில்லை. 6,000 கி.மீ. தூரம், மணிக்கு 900 கி.மீ. வேகம், 100 கி.மீ. காற்று என்று கொள்ளுங்கள். எதிர்க்காற்றில் ஏழரை மணி, பின்காற்றில் ஆறு மணி, ஆகப் பதின்மூன்றரை மணி நேரம். காற்றே இல்லாவிட்டால் போகவர 13 மணி 20 நிமிடங்களே ஆகும். எதிர்க்காற்றில் விமானம் அதிக நேரம் இருக்க நேர்வதால் இழப்பு ஆதாயத்தை எப்போதும் விஞ்சியே நிற்கும். இதன் பொருட்டே, வட அட்லாண்டிக்கின் மேல் அன்றன்றைய காற்றுக்கு ஏற்பப் புதிய வான்தடங்களை ஒவ்வொரு நாளும் வகுக்கிறார்கள்.

கேள்வி: ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் போன என் மகள் ஒன்பதரை மணி நேரத்தில் சேர்ந்தாள். இப்போது பதின்மூன்று மணி ஆகிறது என்கிறாள். தூரம் மாறிவிட்டதா?

பதில்: தூரம் அதேதான், சுமார் 7,800 கி.மீ. ஆனால் அந்தப் பெருவட்டத்தின் பெரும்பகுதி ரஷ்யாவின் மேல் விழுகிறது. 2022 பிப்ரவரிக்குப் பிறகு பெரும்பாலான ஐரோப்பிய விமானங்களுக்கு ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதால், அவை துருவத்தின் மேலாகவோ தெற்கே சுற்றியோ போக வேண்டியிருக்கிறது. குறுகிய வழி இருப்பது வேறு, அதில் பறக்க அனுமதி இருப்பது வேறு.

அனுமதியைத் தவிர நிலமும் சில இடங்களில் தடுக்கும். திபெத்தியப் பீடபூமியின் நடுவே விமானங்கள் அரிதாகவே பறக்கின்றன. விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் விமானம் சுமார் 10,000 அடிக்கு இறங்கியாக வேண்டும். பயணிகளின் ஆக்சிஜன் முகமூடிகள் பொதுவாகச் சில பத்து நிமிடங்களுக்கு மேல் தாங்குவதில்லை. அங்கோ தரையே 10,000 அடியைவிட உயரத்தில் இருக்கிறது. இரட்டை என்ஜின் விமானங்களுக்கு இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஒரு என்ஜின் நின்றுவிட்டால், மற்றதைக் கொண்டு குறித்த நிமிடங்களுக்குள் இறங்கத்தக்க நிலையம் ஒன்று வழிநெடுகிலும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். 1985இல் அந்த வரம்பு 120 நிமிடங்களாக உயர்ந்தபோதுதான் இரட்டை என்ஜின் விமானங்கள் அட்லாண்டிக்கைத் தாராளமாகக் கடக்கத் தொடங்கின.

கேள்வி: அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய ஜெட் விமானங்களைவிட இன்றைய விமானங்கள் ஏன் வேகமாகப் பறப்பதில்லை?

பதில்: 11 கி.மீ. உயரத்தில் ஒலியின் வேகம் மணிக்குச் சுமார் 1,060 கி.மீ. அதை நெருங்கும்போது காற்றின் தடை திடீரென ஏறிவிடும். எனவே சிறிய ஜெட்டுகள் ஒலிவேகத்தில் 78 விழுக்காட்டிலும், பெரியவை 85 விழுக்காட்டிலும் நின்றுவிடுகின்றன. இந்தச் சுவரைத் தாண்டிய பயணிகள் விமானமான கான்கார்டு 1996இல் நியூயார்க் – லண்டன் தூரத்தை 2 மணி 53 நிமிடங்களுக்குள் கடந்தது. 2003இல் சேவையிலிருந்து விலகியது. அதன் பிறகு பொறியாளர்களின் உழைப்பெல்லாம் வேகத்தைவிட எரிபொருள் சிக்கனத்துக்கே போயிருக்கிறது. அதன் பயனாகத்தான் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க்குக்கு, 15,300 கி.மீ.க்கு மேற்பட்ட தூரத்தை, இடையில் எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 19 மணி நேரத்தில் பறக்க முடிகிறது.

கேள்வி: டோக்கியோவில் மாலை 5 மணிக்குப் புறப்பட்டு, சான்பிரான்சிஸ்கோவில் அதே நாள் காலை 10 மணிக்குச் சேர்வதாகப் பயணச்சீட்டில் இருக்கிறது. இது அச்சுப்பிழையா?

பதில்: பிழையில்லை. பயணச்சீட்டில் உள்ள ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். பயண நேரத்தை அறிய இரண்டையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக் கழிக்க வேண்டும். டோக்கியோ அதைவிட 9 மணி முன்னே இருப்பதால் மாலை 5 என்பது பொது நேரத்தில் காலை 8. கோடையில் சான்பிரான்சிஸ்கோ 7 மணி பின்னே இருப்பதால் காலை 10 என்பது பொது நேரத்தில் மாலை 5. ஆகப் பயணம் 9 மணி நேரம். குளிர்காலத்தில் சான்பிரான்சிஸ்கோவின் கடிகாரம் மேலும் ஒரு மணி பின்னே போகும். டோக்கியோவில் அப்படி மாற்றும் வழக்கமே இல்லை. எனவே கோடையில் செய்த கணக்கைக் குளிர்காலத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது.

பசிபிக் பெருங்கடலில் ஒரு தேதியும் மறுதேதியும் பிரியும் கோடான தேதிக்கோட்டின் விந்தையை நெருக்கமாகக் காண விரும்பினால், அங்குள்ள தீவுகளான சமோவாவையும் அமெரிக்கச் சமோவாவையும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே பறக்க ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் 2011 டிசம்பர் 30ஆம் தேதியைச் சமோவா தன் நாட்காட்டியிலிருந்தே நீக்கிவிட்டு, தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறிக்கொண்டது. இப்போது இரண்டுக்கும் வேறுபாடு சரியாக 24 மணி நேரம். ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் சமோவாவில் புறப்படுபவர், சனிக்கிழமை நண்பகலுக்குச் சற்றுப் பின் அமெரிக்கச் சமோவாவில் இறங்குவார். கைக்கடிகாரத்தின் முள்ளைத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: தனித்தனியாக வாங்கிய இரண்டு பயணச்சீட்டுகளில் மாறிச் செல்லவிருக்கிறேன். முதல் விமானம் இறங்குவதற்கும் அடுத்தது புறப்படுவதற்கும் இடையே 70 நிமிடங்கள் உள்ளன. தூரத்தைக் கொண்டு கணக்கிட்டதில் முதல் விமானம் அட்டவணையைவிட முன்னதாகவே வந்துவிடும் என்று தோன்றுகிறது. போதுமா?

பதில்: வேண்டாம் என்றே சொல்வேன். தூரத்தைக் கொண்டு நீங்கள் கண்ட உபரி நேரம், தாமதங்களை விழுங்குவதற்காக விமான நிறுவனங்கள் வேண்டுமென்றே அட்டவணையில் சேர்த்து வைக்கும் இடைவெளி. ஓடுபாதையில் வரிசை நீண்டாலோ, இறங்க இடமின்றி வானில் வட்டமடிக்க நேர்ந்தாலோ, காற்று எதிர்த்தாலோ அது தீர்ந்துவிடும். மேலும் ‘சேரும் நேரம்’ என்பது விமானம் நிற்கும் நேரம். கதவு திறந்து நீங்கள் வெளியே வர இன்னும் கால் மணியாவது ஆகும், அடுத்த விமானமோ புறப்படும் நேரத்துக்கு முன்பே கதவை மூடிவிடும். ஒரே பயணச்சீட்டாக இருந்தால் முதல் விமானம் தாமதித்தாலும் உங்களை மாற்று விமானத்தில் ஏற்றும் பொறுப்பு நிறுவனத்துக்கு உண்டு. தனித்தனிச் சீட்டுகளில் பொதுவாக அது இல்லை. பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டியிருந்தால் குறைந்தது மூன்று, குடியேற்றச் சோதனையும் இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி உள்ள விமானமாகப் பார்த்து இரண்டாவது சீட்டை மாற்றிக்கொள்ளுங்கள்.